சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சி: தொலைவையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடும் வழி

கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தேடினால் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர் என்று விடை வரும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் நான்கு மணி நேரம் என்று வரும். இரண்டும் சரிதான். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் இறங்கப் போகிறவருக்கு அந்த இரண்டு எண்களும் பயணத்தின் நடுத்துண்டை மட்டுமே சொல்கின்றன. முன்னும் பின்னும் இருக்கும் துண்டுகளை அவரேதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். குலதெய்வக் கோவிலுக்குப் போவார்கள். கடைசியாக ஒருமுறை அண்ணன் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு வரப் போவார்கள். சில சமயம் சாவுச் செய்தி வந்து, காரியத்துக்காவது போய்ச் சேர முடியுமா என்று பதைப்போடு புறப்படுவார்கள். அந்த நேரத்தில் "நாலு மணி நேரம்தானே" என்ற ஒற்றை வரியை நம்பி யாரும் அல்லல்படக் கூடாது. கணக்கு கடினமானதும் இல்லை. ஆறாம் ஆண்டு மாணவருக்குத் தெரிந்த பெருக்கல், வகுத்தலோடு வர்க்கமூலமும் தெரிந்து, கையில் ஒரு கணிப்பானும் இருந்தால் போதும்.

முதலில் தூரம். விமானத் தொலைவு என்று சொல்லப்படுவது இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே பூமியின் மேற்பரப்பில் போகக்கூடிய மிகக் குறுகிய வழியின் நீளம். சாலையின் வளைவு, மலை, ஆறு எதுவும் அதில் சேராது. நம் ஊரிலிருந்து சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு இதே முறையில் அளந்தால் 240 கிலோமீட்டர்தான். காரில் ஈப்போ, தாப்பா, தஞ்சோங் மாலிம் வழியாக நெடுஞ்சாலையில் போனால் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். தரையில் இந்தக் கூடுதல் எப்போதும் உண்டு. வானத்திலும் உண்டு, ஆனால் குறைவு.

இந்த 2,690 எங்கிருந்து வருகிறது? பூமியின் மீது வரைந்திருப்பதாக நாம் வைத்துக்கொண்ட அட்சரேகை, தீர்க்கரேகைகளிலிருந்து வருகிறது. 1790களில் பிரான்சில் மீட்டர் என்ற அளவை உருவாக்கியவர்கள், நடுக்கோட்டிலிருந்து வடதுருவம் வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். ஆகவே நடுக்கோட்டிலிருந்து துருவம் வரை ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். அது 90 பாகை (டிகிரி). வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வருகிறது. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் உலகின் எந்த இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தைத் தோராயமாகச் சொல்லத் தொடங்கலாம்.

சிப்பாங் விமான நிலையம் வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகையில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் வடக்கு 10.77, கிழக்கு 78.71. வடக்கு தெற்காக வேறுபாடு 8.02 பாகை, 111 ஆல் பெருக்கினால் 890 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக வேறுபாடு சரியாக 23 பாகை. பெருக்கினால் 2,553 கிலோமீட்டர். இங்கே ஒரு சிறு திருத்தம் வேண்டும். தீர்க்கரேகைகள் நடுக்கோட்டில் அகன்றிருந்து, துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். அதனால் இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகைக்குக் கணிப்பானில் கொசைன் (cos என்ற பொத்தான்) எடுத்துப் பெருக்க வேண்டும். நமக்குச் சராசரி 6.76 பாகை, அதன் கொசைன் 0.993. இப்போது 2,553 என்பது 2,535 ஆகிறது.

இனிப் பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம். 890ஐயும் 2,535ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,687 கிலோமீட்டர். கணினி கோள வடிவத்துக்கான சூத்திரத்தை முழுதாகப் போட்டுத் தரும் விடை 2,690. ஒரு தாளும் பென்சிலும் கணிப்பானும் அவ்வளவு அருகில் கொண்டுவந்து விடுகின்றன. பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி புறப்பட்டு வந்த ஊரின் தூரத்தைத் தாங்களே கண்டுபிடித்தோம் என்ற நினைவு அவர்களுக்கு நெடுநாள் இருக்கும்.

இந்த முக்கோணக் கணக்கு நமக்கு ஒத்துவருவதற்குக் காரணம், நாமும் தமிழ்நாடும் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு இதையே போட்டால் தவறு பெரிதாகிவிடும். அங்கே பூமியின் வளைவு வேலையைக் காட்டும். ஒரு பந்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் படியும் வழிதான் மிகக் குறுகிய வழி. அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். அதே பாதையைச் சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வில்லாக வளைந்து தெரியும். விமானம் சுற்றிக்கொண்டு போகிறது என்று அதைப் பார்த்துப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வளைவு வரைபடத்தின் தாளில் இருக்கிறது.

திருச்சிக் கோட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சிப்பாங்கிலிருந்து திருச்சிக்கு இழுக்கும் கோடு மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் வடமுனையில் ஆச்சே பக்கமாகப் போய், பிறகு நெடுந்தூரம் கடல் மேலேயே சென்று, யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே வந்து, வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே நாகப்பட்டினம். நம் முன்னோரில் எத்தனையோ பேர் கப்பலேறிய துறைமுகம் அது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நேர்கோட்டில் 2,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதாவது 1,250 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் ஓடும் நீராவிக் கப்பல் இடைவிடாமல் ஓடினாலும் நான்கு நாளுக்கு மேல் ஆகும். 1926ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் வந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அதன் பிறகு ஓடிய சிதம்பரம் கப்பலின் சேவை 1985ல் நேர்ந்த தீ விபத்தோடு முடிந்தது. மூத்தவர்கள் கடலில் நாள்கணக்கில் கடந்த நீரை நாம் ஒரு சாப்பாட்டுக்கும் ஒரு தூக்கத்துக்கும் இடையே கடக்கிறோம்.

(கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் நீளம் அது. விமானிகள் இன்றும் தூரத்தை அதில்தான் அளக்கிறார்கள்.)

தூரம் தெரிந்துவிட்டது. இனி நேரம். இந்த வழியில் பெரும்பாலும் ஓடும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் மேலே சென்று நிலைத்த பிறகு மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2,690ஐ 830 ஆல் வகுத்தால் மூன்று மணி பதினான்கு நிமிடம். ஆனால் பயணச்சீட்டில் நான்கு மணி நேரம் என்று இருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

அந்த நேரத்தைப் பெரும்பாலும் தரையும் ஏற்ற இறக்கமும் எடுத்துக்கொள்கின்றன. அட்டவணையில் உள்ள நேரம் விமானம் தன் நிறுத்தத்திலிருந்து நகரத் தொடங்கும் கணத்தில் ஆரம்பித்து, அங்கே போய் நிறுத்தத்தில் நிற்கும்போது முடிகிறது. சிப்பாங் பெரிய நிலையம். ஓடுபாதை வரை ஊர்ந்து போகவே கால் மணி நேரம் ஆகலாம். முன்னால் நான்கு விமானங்கள் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இவற்றுக்கு மேல் நிறுவனங்கள் தாமதத்தை எண்ணிச் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. அதனால்தான் தாமதமாகப் புறப்பட்ட விமானம் சில நாள் சரியான நேரத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது.

எளிய சூத்திரம் ஒன்று சொல்கிறேன். கிலோமீட்டரை 800 ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். திருச்சிக்கு மூன்று மணி இருபத்திரண்டு நிமிடமும் அரை மணியும் சேர்ந்து மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சிப்பாங்கிலிருந்து பினாங்குக்கு 325 கிலோமீட்டர். இருபத்து நான்கு நிமிடமும் அரை மணியும் சேர்ந்து ஐம்பத்து நான்கு நிமிடம். அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். லண்டனுக்கு 10,600 கிலோமீட்டர். பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வருகிறது. மூன்றும் நடைமுறைக்கு நெருக்கமாக இருக்கின்றன. குறுகிய பயணத்தில் அந்த அரை மணி நேரம் பாதிக்கு மேல் இடம் பிடிப்பதையும், நீண்ட பயணத்தில் அது கரைந்துபோவதையும் கவனியுங்கள்.

சென்னைக்குப் போவதா, திருச்சிக்குப் போவதா என்று முடிவு செய்யவும் இதே கணக்கு உதவும். திருச்சி தெற்கே இருக்கிறது, ஆகவே நமக்கு அருகில் என்று பொதுவாக எண்ணுகிறார்கள். அளந்தால் சென்னை 2,630 கிலோமீட்டர். திருச்சியைவிட 60 கிலோமீட்டர் குறைவு. வானத்தில் அது நான்கைந்து நிமிட வேறுபாடு. தரையிலோ இரண்டு நகரங்களுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். தஞ்சாவூருக்குப் போகிறவர் திருச்சியில் இறங்கினால் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போனால் போதும். சென்னையில் இறங்கினால் இன்னொரு முழுப் பயணம் காத்திருக்கும். டிக்கெட் விலையில் கொஞ்சம் மிச்சம் என்பதற்காகச் சென்னைக்கு எடுத்துவிட்டு, முதியவர்களை ஆறேழு மணி நேரம் வாடகைக் காரில் உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

விமானம் எப்போதும் அந்த மிகக் குறுகிய கோட்டிலேயே போகுமா என்றால், போகாது. வானத்தில் குறியிடப்பட்ட வழிகள் உண்டு. கட்டுப்பாட்டு அறை சொல்லும் திருப்பங்கள் உண்டு. இடிமேகம் வந்தால் விலக வேண்டும். ஒரு நாட்டின் வான்வெளி ஆபத்தாகிவிட்டால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேன் மீது சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்ததை மலேசியர் யாரும் மறக்க முடியாது. அதற்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போகும் வழிகள் அந்தப் பகுதியை விட்டு விலகின. கூடுதலாகும் கிலோமீட்டரும் நிமிடமும் உயிருக்காகச் செலவிடப்படுபவை.

அடுத்தது காற்று. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, ஆகவே மேற்கே பறக்கும்போது ஊர் நம்மை நோக்கி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. உண்மையில் நேரத்தை மாற்றுவது, அந்தக் காற்று தரையைப் பொறுத்து எந்தப் பக்கம் வீசுகிறது என்பதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் உருவாகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து விளக்கினார். அந்த மாதங்களில் இங்கிருந்து திருச்சிக்குப் போகும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 880. பறக்கும் நேரம் மூன்று மணி மூன்று நிமிடம். வரும்போது 780, மூன்று மணி இருபத்தேழு நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், இருபத்து நான்கு நிமிட வேறுபாடு.

இனி, பலரும் குழம்பும் இடத்துக்கு வருகிறேன். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் காலை 9.00, சேரும் நேரம் காலை 10.30 என்று இருக்கும். திரும்பி வரும் சீட்டில் காலை 11.30 புறப்பட்டு மாலை 6.00க்குச் சேர்வதாக இருக்கும். போக ஒன்றரை மணி, வர ஆறரை மணி என்று ஆகிவிட்டதா? இல்லை. இரண்டு பக்கமும் நான்கு மணி நேரம்தான். சீட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரத்தைச் சேர்ந்தது. மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது நான்கிலிருந்து இரண்டரை கழிந்துவிடுகிறது. வரும்போது நான்கோடு இரண்டரை கூடிவிடுகிறது.

இந்த இரண்டரை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981 முடிந்து 1982 பிறந்த நள்ளிரவில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதற்கு முன் இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வேறுபாடு. சூரியனைக் கேட்டால் அது வேறு விடை சொல்லும். 24 மணி நேரத்தில் 360 பாகை என்றால் ஒரு மணிக்கு 15 பாகை. நமக்கும் திருச்சிக்கும் 23 பாகை. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால்தான் இங்கே ஏழு மணி ஆனாலும் வெளிச்சம் முழுதாக வருவதில்லை. தோட்டத்தில் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு இருட்டில் போய் நின்று, தலைவிளக்கோடு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும்.

நேரக் குழப்பம் வராமல் இருக்க ஒரே வழி, முழுப் பயணத்தையும் ஒரே கடிகாரத்தில் எழுதிக்கொள்வது. கையில் கட்டிய கடிகாரத்தைப் போய்ச் சேரும் வரை மாற்றாமல் விடலாம். கொழும்பு வழியாக மாறிப் போகும் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். இடையில் காத்திருக்கும் மணிநேரம் சீட்டில் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும்.

மலேசியக் கடிகாரத்தில் ஒரு பயணத்தை எழுதிப் பார்ப்போம். விமானம் பிற்பகல் 2.00 மணிக்கு. அனைத்துலகப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக, காலை 11.00க்கு அங்கே இருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து நெரிசல் இல்லாவிட்டால் மூன்றரை மணி நேரம். வழியில் ஒருமுறை நிறுத்தவும் சேர்த்து 7.00 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இடிஎஸ் எனப்படும் மின்சார ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை போய், அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலில் ஏறினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆனால் உடம்புக்கு அலுப்பு குறைவு. விமானம் மாலை 6.00க்குத் திருச்சியில் இறங்கும். குடிநுழைவு, பெட்டிகள் எல்லாம் முடிய 7.00. தஞ்சாவூர் போய்ச் சேர 8.30. அங்கே சுவர்க் கடிகாரம் மாலை 6.00 என்று காட்டும். வெளிச்சம் இருக்கும், காபி கொடுப்பார்கள். ஆனால் வந்தவரின் உடம்புக்கு இரவு எட்டரை. பதின்மூன்றரை மணி நேரப் பயணத்தில் விமான நேரம் நான்கு.

சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பதின்மூன்றரையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணி மாத்திரையை இந்தியக் கடிகாரத்தில் எட்டுக்குப் போட்டால், மலேசியாவில் பத்தரை ஆகியிருக்கும். எதைத் தள்ளிப் போடலாம், எதைக் கூடாது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

நள்ளிரவு விமானத்தில் தேதியும் ஏமாற்றும். 15ஆம் தேதி 12.30 ஏஎம் என்று சீட்டில் இருந்தால், அது 14ஆம் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நள்ளிரவு. மூன்று மணி நேரம் முன்னதாக, 14ஆம் தேதி இரவு 9.30க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்; நம் ஊரிலிருந்து 14ஆம் தேதி மாலை 5.30க்கே கிளம்பியாக வேண்டும். நாள்காட்டியில் 15ஐ வட்டமிடாமல் 14ஐ வட்டமிட்டு, பக்கத்தில் "மாலை 5.30, வீட்டிலிருந்து" என்று எழுதி வையுங்கள்.